நான்காவது கோழிக்கால்

அறுபதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமனார் வீட்டுக் கொல்லையில் இது நடந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்திருக்கவில்லை. என் மனைவி முதல் பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தாள். இத்தனை காலமும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னவர்கள் எல்லாம் மற்றவர்கள், சொன்னதும் பாதிக் கதை. அந்தக் கோபத்தில்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் என் பேரன் மொட்டை மாடியில் ஒரு காஸ் அடுப்பு கொண்டுவந்து வைத்தான். மூடி போட்ட பெரிய பெட்டி மாதிரி இருந்தது. குறுக்கே ஒரு கம்பி. முழுக் கோழியை அதில் கோத்து சுவிட்சைப் போட்டால் மோட்டார் தானாகச் சுற்றுகிறது. நண்பர்களைக் கூப்பிட்டிருந்தான். என்னையும் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"எங்க தாத்தா இதையெல்லாம் அந்தக் காலத்துலயே சைக்கிள் செயின்ல பண்ணிட்டாருடா! கடலூர்லயே மொத கிரில் சிக்கன் எங்க தாத்தாவோடதுதான்" என்றான்.

பையன்கள் கைதட்டினார்கள். ஒருவன் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். கோழியை நான்தான் வெட்ட வேண்டும் என்று பேரன் கத்தியை நீட்டியதும் நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் 'சைக்கிள் கோழி' கதை வந்துவிடும். முழுக் கோழி கம்பியில் சுற்றியது, தெருவே வாசனையில் மயங்கியது, காரில் வந்த பெரிய மனிதர் எழுந்து நின்று பாராட்டினார் என்பதோடு கதை முடியும். எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவன் நான். நான் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தொழிற்கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். இன்று அந்தக் கல்லூரி இல்லை. அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எங்கள் கல்லூரி முதல்வர் வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எதைப் பற்றிப் பேசினாலும் "அங்கெல்லாம்" என்றுதான் ஆரம்பிப்பார். அங்கெல்லாம் தண்ணீர் குழாயில் சூடாக வரும். அங்கெல்லாம் ரயில் நேரத்துக்கு வரும். ஒரு நாள் ஆசிரியர் அறையில் பேச்சு சாப்பாட்டுக்கு வந்தது. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்து விரித்துக் காட்டினார். புல்வெளியில் ஒரு காஸ் அடுப்பு, அதன் மேல் கம்பியில் பொன் நிறத்தில் ஒரு முழுக் கோழி, பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு ஆள்.

"நம்மாளுங்களுக்குக் கோழியை மரியாதையா சமைக்கத் தெரியாதுய்யா. துண்டு துண்டா நறுக்கி மிளகாய்த் தண்ணியில முக்கி எடுப்பான். கோழி எது, கத்திரிக்காய் எதுன்னு தெரியாது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கோழிக் குழம்பிலேயே வளர்ந்த நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. "நம்ம ஊர்லயும் இதைச் செய்யலாம் சார். காஸ் இல்லன்னா என்ன, கரி இருக்கு. நான் செஞ்சு காட்டுறேன் சார்" என்றேன். எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அதற்குச் சிபாரிசு செய்ய வேண்டியவர் அவர்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

"உன் மாமியார் வீடு கடலூர்தானே? கடலையும் பார்த்த மாதிரி இருக்கும். வர்ற ஞாயிற்றுக்கிழமை வச்சுக்கலாம்" என்றார்.

மாமனார் முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமியாரும், என் மனைவியின் தம்பியும்தான். மாமியாரை நான் அத்தை என்பேன். தம்பிக்குத் திருப்பாப்புலியூரில் சைக்கிள் கடை. என்னை மாமா என்பான், நான் அவனை மச்சான் என்பேன். அத்தை என் எதிரில் வரமாட்டார், என்னிடம் நேராகப் பேசவும் மாட்டார். மாப்பிள்ளையோடு மாமியார் முகம் பார்த்துப் பேசுவது அப்போது வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகனிடம் சொல்வார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டு, பதிலை மச்சானிடம் சொல்வேன்.

அந்த வீட்டுக் கொல்லையில் இரண்டு பெட்டைக் கோழிகள் இருந்தன. பிள்ளை பெற்ற உடம்பு தேற மிளகு தட்டிப் போட்டுக் கோழிச் சாறு வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்ததுமே அதற்கென்று குஞ்சு வாங்கி விட்டுவிடுவார்கள். அரிசிக்கே தட்டுப்பாடாக இருந்த அந்த நாளிலும் அத்தை குருணையும் கம்பும் போட்டு அவற்றைக் கொழுகொழுவென்று வளர்த்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கோழிகளைத் தொடமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். நானும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன்தான். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் அக்காள்களுக்கு அப்படித்தான் வளர்த்தார்கள்.

தெரிந்துதான் கேட்டேன்.

அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து, "தம்பி, அது அக்காவுக்குன்னு வுட்டதுன்னு மாப்ளைக்குத் தெரியாதுபோல. சந்தையில நல்ல சேவலா ரெண்டு பாத்து வாங்கியாந்துடலாம்னு சொல்லு" என்றார்.

"சந்தைக் கோழி எலும்புந்தோலுமா இருக்கும் மச்சான். கம்பியில சுத்துறதுக்கு உடம்புல கொழுப்பு வேணும். இல்லன்னா காஞ்சு கட்டையாயிடும். பெரிய மனுஷங்க வர்றாங்க. நான் அப்புறமா வேற வாங்கி வுட்டுடுறேன்னு சொல்லு."

 கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "மாப்ள வாய்வுட்டுக் கேட்டு இல்லன்னு சொல்ற வீடு இது இல்லன்னு சொல்லு."

இன்று அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. மறுக்க முடியாத இடத்தில் போய் நின்றுகொண்டு கேட்பது கேட்பதா? அது பறிப்பது. வேறு வாங்கி விடுகிறேனாம்! குஞ்சு கோழியாக எத்தனை மாதம் ஆகும், பிரசவத்துக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று கணக்குப் போடத் தெரியாத ஆளா நான்? பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துத்தானே சம்பளம் வாங்கினேன்!

கம்பியைச் சுற்றும் இயந்திரத்தை மச்சானுடைய கடையில் செய்தோம். சைக்கிளில் பெரிய பல்சக்கரத்தை மிதிக்கிறோம், பின்னால் இருக்கும் சின்னது வேகமாகச் சுற்றுகிறது. கோழிக்கு நிதானம் வேண்டும். அதனால் நான் அதைத் தலைகீழாக மாற்றினேன். சின்னதில் கைப்பிடி, பெரியதில் கோழிக் கம்பி, இரண்டுக்கும் நடுவே செயின். கைப்பிடியை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கம்பி மெதுவாகப் புரண்டது. பழைய ஸ்போக்ஸ் கம்பிகளை வளைத்துக் கோழியைக் குத்திப் பிடிக்கக் கவட்டைகளும் செய்தேன். என்னைப் போல மூளைக்காரன் தென்னாற்காடு ஜில்லாவிலேயே இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லை மாமரத்தடியில் எல்லாவற்றையும் பூட்டினோம். முதலில் இரண்டு கோழியையும் ஒரே பக்கம் பார்த்த மாதிரி கோத்தேன். மார்புப் பக்கம் கனம் அதிகம். பாதிச் சுற்று ஏறுவதும், தொபுக்கென்று கீழே விழுவதுமாக இருந்தது. பிறகு ஒன்றின் மார்பு மேலே, மற்றதன் மார்பு கீழே என்று எதிரெதிராகக் கோத்தேன். கனம் சமமாகிச் சீராகச் சுற்றியது. கால்களைச் சேர்த்து, இறக்கைகளை உடம்போடு ஒட்டி, நனைத்த சணலால் இறுக்கிக் கட்டினேன். கட்டாவிட்டால் கைகால் விரிந்து நுனி கருகிவிடும்.

மச்சான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "என்னா மாமா, டபுள்ஸ் ஏத்திட்டீங்க? போலீஸ்காரன் பாத்தா ஃபைன் போடுவான்."

"நீ சுத்துடா."

"லைட்டும் இல்ல. ஒரு பெல்லாவது மாட்டியிருக்கலாம்."

சவுக்குக் கரியை நேர் கீழே போடாமல் இரண்டு பக்கமும் குவித்தேன். நடுவில், கோழிக்கு நேர் கீழே, உருகும் கொழுப்பு சொட்டுவதற்கு அத்தையின் அலுமினியத் தாம்பாளத்தை வைத்தேன். கொழுப்பு நெருப்பில் விழுந்தால் தீ எழும்பித் தோல் கரியாகிவிடும். உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, நெய். அவ்வளவுதான் பூசினேன். மஞ்சள் கூடவே கூடாது என்று முதல்வர் சொல்லியிருந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை கேட்டார்: "தம்பி, மஞ்ச தடவாமயா கறி சமைக்கப்போறாரு? கவுச்சி அடிக்காதா?"

"அங்கெல்லாம் மஞ்சள் போடமாட்டாங்கன்னு சொல்லு மச்சான்" என்றேன்.

'அங்கெல்லாம்' என்ற சொல் என் வாயிலும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோல் இறுகியது, மஞ்சளாகியது, தேன் நிறத்துக்கு வந்தது. கறிவேப்பிலைக் கொத்தால் நெய்யைத் தொட்டுத் தொட்டுத் தடவினேன். கொழுப்பு சொட்டுச் சொட்டாகத் தாம்பாளத்தில் விழுந்தது. வாசனை கிளம்பியது பாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதில்மேல் ஏறி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மச்சானுக்குக் கை கொப்பளித்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு சுற்றினான்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். என் மனைவி குடத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எட்டு மாத வயிறு. மசக்கையில் மாதக்கணக்கில் சோற்றைக் கண்டாலே ஓடியவள் அவள். எது கொடுத்தாலும் தங்காது. என்னிடம் அதுவரை இது வேண்டும் என்று ஒன்றுமே கேட்டதில்லை. புதுப்பெண், கூச்சம். அன்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏங்க, வாசனை ஆளத் தூக்குது. எனக்கு ஒரு கால் எடுத்து வைங்க."

"ஒண்ணு போதுமா? ரெண்டா எடுத்து வைக்கிறேன்."

"ரெண்டுல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு. அவுங்கள்லாம் இருக்கற அவசரத்துல மறந்துடாதீங்க."

"மறப்பேனா?" என்றேன்.

அவள் சிரித்தாள். முகத்தில் அப்படி ஒரு ஆசை. நான் மறக்கவில்லை என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

முதல்வர் இரண்டு மூத்த விரிவுரையாளர்களோடு காரில் வந்து இறங்கினார். மாமரத்தடியில் வாடகை மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தேன். உள்ளே அத்தை சோறு, ரசம் எல்லாம் செய்து, கறியைப் பங்கு பிரிக்கக் கரண்டியும் கிண்ணங்களும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோழி எப்படி வெந்தால் என்ன, வெந்த பிறகு அடுப்படிக்குத்தானே வரும் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த வீட்டில் அதுவரை அடுப்படியைத் தாண்டாமல் எந்தக் கறியும் பந்திக்குப் போனதில்லை.

இதை நான் பிற்பாடுதான் யோசித்தேன். குழம்பு என்று வந்தால் கரண்டி பெண்கள் கையில். மாப்பிள்ளைக்கு ஒரு கால் போகும், சரி. ஆனால் இன்னொரு காலை, ஈரலை, யாருக்குத் தேவையோ அவர்களுக்கு ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் பந்திக்கே குண்டான் வரும். ஒரு கோழி போட்டால் வீடு முழுக்கச் சாப்பிடும். துண்டு கிடைக்காதவனுக்குக் குழம்பாவது கிடைக்கும். எங்கள் முதல்வர் ஏளனம் செய்த மிளகாய்த் தண்ணியில் அத்தனை பேரின் பங்கும் இருந்தது. முழுக் கோழியாகக் கம்பியில் ஏற்றி மேசைக்கு நடுவில் வைத்துவிட்டால் பங்கு, கத்தி வைத்திருப்பவன் இஷ்டம்.

கத்தியை முதல்வர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"குடுய்யா. இதை வெட்டுறதே ஒரு கலை. அங்கெல்லாம் மேசைக்குப் பெரியவர்தான் எழுந்து நின்னு வெட்டுவார்" என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம் உள்ள..." என்று ஆரம்பித்தேன். கோழியை ஒரு நடை அடுப்படிக்குக் கொண்டுபோய் வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

விரிவுரையாளர்களில் ஒருவர், "என்னய்யா, உள்ள பர்மிஷன் வாங்கணுமா? வீட்ல ஆட்சி யாருது?" என்றார்.

மூவரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு கோழிக்கு நான்கு கால். முதல் காலை முதல்வர் தன் தட்டில் வைத்துக்கொண்டார். இரண்டாவதும் மூன்றாவதும் மற்ற இருவருக்கும் போயின. நான் நான்காவது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது போதும் எனக்கு. அவர் கத்தியை மூட்டில் வைத்துத் திருகினார். தோல் மொறுமொறுவென்று பிரிந்தது. சாறு ஒழுகியது. அதைக் குத்தி எடுத்து என் தட்டில் போட்டார்.

"இந்தாய்யா, இது உனக்கு. செஞ்சவன் சாப்பிடணும். சாப்பிடு, பார்க்கலாம்."

என் தட்டிலேயே விழுந்துவிட்டது! தட்டோடு எழுந்து உள்ளே போயிருக்கலாம். "சார், இது என் மனைவிக்கு, மாசமா இருக்கா, ஆசைப்பட்டுக் கேட்டா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? இன்னொரு முறை சிரித்திருப்பார்கள். திங்கட்கிழமை கல்லூரியில் ஒரு பட்டப்பெயர் வந்திருக்கும். நாலு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பெண்டாட்டிக்குக் கறி எடுத்து வைக்கிறவன் என்று பெயர் வாங்குவதை விட அவளுக்குக் கொடுத்த வாக்கு எனக்குச் சின்னதாகப் போய்விட்டது.

மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். எடுத்துக் கடித்தேன்.

அது நன்றாக இல்லாமல் போயிருந்தால் இன்று எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. நான் அதுவரை சாப்பிட்டதிலேயே அவ்வளவு ருசியான கறி அதுதான். தோல் நொறுங்கியது, உள்ளே பஞ்சு போல இருந்தது. கவுச்சியும் இல்லை. ஒரு கடி கடித்தவன் அத்தோடு வைத்திருக்கலாம். எலும்பு வரை சாப்பிட்டேன்.

தலையை நிமிர்த்தியபோது கொல்லைக் கதவில் என் மனைவி நின்றிருந்தாள். கையில் சின்னக் கிண்ணம் ஒன்று. என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மிச்சம் ஏதாவது தேறும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். முதல்வர் நெஞ்சுக் கறியை அறுத்து அறுத்துப் போட்டார். இறக்கைகளும் போயின. முதுகுத் தோலைக்கூட ஒருவர் விரலால் உரித்துத் தின்றார். கை கொப்பளிக்கச் சுற்றிய மச்சான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு துண்டு வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உள்ளே ஒரு பெண், அவள் தாய், இந்தக் கோழியை வளர்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் படித்த மனிதர்களுக்கு ஒரு கணமாவது தோன்றியதா? அவர்களைச் சொல்லி என்ன பயன், அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முதல்வர் எழுந்து நின்று கைதட்டினார். "அங்கே சாப்பிட்ட மாதிரியே இருந்துச்சுய்யா" என்றார். கடைசியில் கடலைக்கூடப் பார்க்கவில்லை. தூக்கம் வருகிறது என்று காரில் ஏறிப் போய்விட்டார்கள். குடும்பக் கதை இந்தக் கைதட்டலோடு முடிந்துவிடும்.

நடந்தது இதற்கு மேலும் உண்டு. கார் திரும்பியதும் மச்சான் மேசைக்கு வந்தான். இரண்டு நெஞ்செலும்புக் கூடும், சப்பிய எலும்பும்தான் இருந்தன.

"தெருநாயி வந்து நிக்குது மாமா. அதுக்காச்சும் போடலாமா, இல்ல அதையும் உங்க சாருக்குப் பார்சல் பண்ணணுமா?"

"மச்சான்..."

"அக்கா கேட்டது எனக்குக் காதுல வுழுந்துச்சு. அது யாருகிட்டயும் இதுவரைக்கும் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. அதுக்குன்னு வளத்த கோழி. உங்க தட்டுக்கே வந்துச்சு. முழுங்கிட்டீங்க."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் சொல்லணுமா? சுத்துறவன் குறுக்க பேசுனா உங்க மரியாதை என்னா ஆவுறது?" கொப்பளித்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். "மாப்ளையா போயிட்டீங்க. வேற ஆளா இருந்தா நடக்கறதே வேற."

அத்தை கொல்லைக்கு வந்தார். நான் நிற்கிறேன் என்று ஒதுங்கவில்லை. அணைந்துபோன கரிக்கு நடுவிலிருந்த தாம்பாளத்தைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு, என்னை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போனார். மேலே படிந்திருந்த சாம்பலைக் கரண்டியால் வழித்து எறிந்தார். தாம்பாளத்தில் உறைந்திருந்த கொழுப்பிலேயே சூடான சோற்றைக் கொட்டி, உப்புப் போட்டுப் பிசைந்தார். என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். சோறு கரிப் புகை ஏறிச் சாம்பல் நிறமாக இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. நீங்க சாப்ட்டீங்கல்ல?" என்றாள்.

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள்.

மறுநாள் கல்லூரியில், விருந்துக்கு வந்திருந்த ஒரு விரிவுரையாளர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "உன் வேலை நிரந்தரம்னு போன வாரமே முடிவாயிடுச்சேய்யா. சார் உனக்குச் சொல்லலையா? விருந்து முடியட்டும்னு வச்சிருந்திருப்பார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் வகுப்புக்குப் போனேன். அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. கொல்லையில் கோழி இல்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஒரு அம்மாள், அத்தையிடம் சங்கதியைக் கேட்டுவிட்டு, "கோழி இல்லன்னா என்னா, பால் ஊற பால்சுறா மீனு நான் கொண்டாரேன், பச்ச ஒடம்புக்காரி காயக் கூடாது" என்று தினமும் கூடையில் தனியாகப் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தாராம். அத்தை அதைப் புட்டு செய்து போட்டார். என் பெண்டாட்டி பிள்ளையைத் தேற்றியது யாரோ ஒரு மீன்காரம்மாள். புருஷன் நிரந்தர விரிவுரையாளர்!

அதற்குப் பிறகு என் மனைவியோடு ஒரு நீண்ட வாழ்க்கை வாழ்ந்தேன். சண்டை சச்சரவு பெரிதாக இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, இது சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று அவள் என்னிடம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அடுத்த இரண்டு பிரசவத்திலும் கேட்கவில்லை. ஓட்டலுக்குப் போனால், "உங்களுக்கு எதுவோ அதுவே எனக்கும்" என்பாள். வெளியூர் போகும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால், "புள்ளைங்களுக்குப் பாத்து வாங்கியாங்க" என்பாள். இதை நான் கவனிக்கவே பல வருஷம் ஆயிற்று. கவனித்த பிறகு, வீட்டில் கோழிக் குழம்பு வைத்தால் என் காலை எடுத்து அவள் தட்டில் வைக்க ஆரம்பித்தேன். மறுக்கமாட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் பிள்ளைகள் தட்டுக்குப் போயிருக்கும்.

அவளுக்கு முடியாமல் போன கடைசிக் காலத்தில், ஒரு நாள் கட்டிலருகே உட்கார்ந்து தைரியமாகக் கேட்டுவிட்டேன். "அந்தக் கோழிக்கால் ஞாபகம் இருக்கா?"

"எது, நம்ம சைக்கிள் கோழியா?" சிரித்தாள். "என்னா வாசனை இல்ல?"

வாசனையைத்தான் சொன்னாள். ருசியைப் பற்றி அவளால் என்ன சொல்லியிருக்க முடியும்?

மச்சானும் இப்போது இல்லை. கதையைப் பாதியில் நிறுத்தும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவன் அவன்தான். மாமாவுக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிவு வரக் கூடாது என்று மிச்சத்தைத் தனக்குள்ளேயே போட்டுக்கொண்டான். அந்தப் பெருந்தன்மையை நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒருவனாவது சபையில் சொல்லியிருக்கலாம். எல்லோருமாகச் சேர்ந்து என்னைக் காப்பாற்றினார்கள். அவளுக்கு ஒரு கால் வாங்கிக் கொடுக்க ஒருவரும் இல்லை.

மாடியில் அடுப்பு வைத்த பேரனும் இதைப் படிப்பான். படிக்கட்டும். அவன் அடுப்பின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்த மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, யார் கையும் கொப்பளிப்பதில்லை. ஆனால் அந்தக் கோழியை வெட்டும்போது என்னைக் கூப்பிட்டுக் கத்தியைக் கொடுத்து, "தாத்தா, நீங்கதான் வெட்டணும்" என்று இனிமேல் அவன் சொல்ல வேண்டாம். சுட்ட கோழியின் வாசனை எந்தத் தெருவில் வந்தாலும், கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு கதவருகே அவள் இன்னும் காத்துக்கொண்டு நிற்பதாகவும், அவள் பார்க்கப் பார்க்க நான் தின்றுகொண்டே இருப்பதாகவும்தான் எனக்குத் தோன்றுகிறது.